நூறடி தாம்பத்தியம்

மௌலீஸ்வரனின் அறுபதாம் கல்யாணத்துக்கு மகனும் மகளும் சேர்ந்து கொடுத்த பரிசை மேசையில் வைக்க முடியாது, பீரோவில் பூட்டவும் முடியாது. நெஞ்சுக்குள் வைத்துத் தைக்க வேண்டும்.

கோயமுத்தூரில் அப்போது எல்லோரும் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டு வேட்டி, வெள்ளி விளக்கு என்கிற காலமெல்லாம் மலையேறி, பெற்றவர்களுக்கு ‘இதயத்துணை’ வாங்கித் தராத பிள்ளைகளை உறவுக்காரர்கள் ஒரு தினுசாகப் பார்க்கிற காலம் வந்திருந்தது. பட்டாணி அளவுக் கருவிதான். தளர்ந்த இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் தட்டி எழுப்பிவிடும். மாரடைப்பில் சாவது ஊரில் ஏறக்குறைய நின்றே போயிருந்தது. மனிதர்கள் வேறு காரணம் தேடிப் பிடித்துத்தான் சாக வேண்டியிருந்தது.

மௌலிக்கு அது தேவை. அவருடைய இதயம் அரசாங்க அலுவலகம் மாதிரி. வேலை செய்யும், ஆனால் அதற்குத் தோன்றும்போது. மனைவி கோகிலவாணிக்கோ தேவையே இல்லை. மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிறவள். ஆனால் ஆஸ்பத்திரியில் ‘தம்பதித் திட்டம்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். கணவருக்குப் பொருத்தினால் மனைவிக்கு இலவசம்.

மௌலி முப்பது வருஷம் பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். மோட்டார் வாங்கினால் மேசை விசிறி இலவசம் என்பது கொங்கு மண்ணுக்கு அவர் அளித்த கொடை. தேவையில்லாத மேசை விசிறியைக் காட்டித் தேவையில்லாத மோட்டாரை எத்தனையோ பேர் தலையில் கட்டியவர், தன் முறை வந்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“சும்மா கெடைக்கறத எதுக்கு வுடறது, வாணி?”

“எனக்கு எதுக்குங்? நான் நல்லாத்தான இருக்கறேன்?”

“நல்லா இருக்கறப்பவே வாங்கிப் போட்டுறோணும். கெட்டதுக்கப்புறம் வெல ஏறிப்போயிரும்.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, புருஷன் ஆசைப்பட்டு வாங்கிவரும் எல்லாச் சாமான்களுக்கும் வீட்டில் ஓர் இடம் ஒதுக்குவதுபோல, இதற்கும் நெஞ்சில் ஓர் இடம் ஒதுக்கினாள். திரும்பும் வழியில் இருவரும் ரோஸ் மில்க் குடித்தார்கள்.

மறு வருஷம் ஒரே நாளில் லிஸ்பனில் முதியோர் நடனக் கூடம் ஒன்று வெடித்தது. ஒசாகாவில் ஒரு ரயில் பெட்டி. நைரோபியில் ஒரு தேவாலயத்தின் பாடகர் வரிசை. அப்புறம் எங்கெங்கோ. எங்கும் யாரும் பையை வைத்துவிட்டுப் போகவில்லை. எந்தக் கேமராவிலும் சந்தேகப்படும்படியான முகம் இல்லை. வயதானவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சுகாதார அதிகாரி ஒருவர் மௌலி வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தெருவின் அந்தக் கோடியில் நின்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்.

“ஐயா, அம்மா, ரெண்டு பேரும் உடனே தள்ளித் தள்ளி நில்லுங்க.”

வாணி தோசைக் கரண்டியோடு பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். மௌலி முன்வாசலுக்கு வந்தார். “கல்யாணமானதுல இருந்து அதத்தானுங் சார் பண்ணிட்டிருக்கறோம்,” என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. கருவிகள் தயாரான தொழிற்சாலையில் யாரோ புகுந்து விளையாடியிருக்கிறார்கள் என்றார். எல்லாக் கருவியிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். மாற்றப்பட்டவை இத்தனை நாள் சும்மா கிடந்துவிட்டு இப்போதுதான் ஒவ்வொன்றாக உயிர்பெறுகின்றன. அப்படி உயிர்பெற்ற இரண்டு அருகருகே கொஞ்ச நேரம் இருந்தால் ஒன்றையொன்று எழுப்பிவிடும். எழுந்தால் கட்டடம் நிற்காது.

“எது மாத்துனது, எது மாத்தாததுன்னு எப்படிங் கண்டுபுடிக்கறது?”

“அதாங்க தெரியல. ரெண்டுமே மாத்துனதா இருந்தாத்தான் வெடிக்கும். ஒண்ணு நல்லதா இருந்தாக்கூட ஒண்ணும் ஆவாது. ஆனா பாத்துச் சொல்ல முடியாது.”

“வெளிய எடுத்தர்லாமுல்லங்?”

“எடுக்கப் போனாலும் வெடிக்குதுங்க. ரெண்டு எடத்துல டாக்டரும் சேந்து போயிட்டாங்க.”

“யாருங் சார் இத பண்ணுனது? என்னதான் வேணுமாமா அவிங்களுக்கு?”

“நாடு கெடையாது, கொடி கெடையாது. கோரிக்கைன்னு ஒண்ணு இருந்தாலாவது உக்காந்து பேசலாம். ஒலகத்துக்கே ஒரே ஒரு வரிதான் அனுப்பியிருக்கறாங்க. ‘இனி ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளுங்கள்’னு.”

அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

“உங்க ரெண்டு பேர்துமே ஒரே சமயத்துல வந்த சரக்குங்களா?” என்றார் அதிகாரி.

“ஒரே டப்பாங் சார்,” என்றார் மௌலி. “ஜோடி டப்பா.”

அன்று அவர் உடுத்திய வேட்டியோடு வெளியேறியவர்தான்.

சட்டம் நூறடி என்றது. கருவி வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் சிவப்புப் பட்டை ஒன்றைப் பூட்டினார்கள். நூறடிக்குள் இன்னொரு பட்டை வந்தால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி கத்தும். அப்புறமும் விலகாவிட்டால் காவலர்கள் சுடலாம். ஊர் இவர்களுக்கு ‘பாதி’ என்று பெயர் வைத்தது. வெடிகுண்டில் ஒரு பாதி. பாதிக்கு வாடகை வீடு கிடையாது. கல்யாணப் பத்திரிகைகளில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே, ‘பாதிகள் காணொளி வழியே ஆசி வழங்கக் கோருகிறோம்’ என்று அச்சடித்தார்கள். நாகரிகமான ஊர். யாரையும் வராதே என்று முகத்துக்கு நேராகச் சொல்லாது.

மாநகராட்சி விளையாட்டு மைதானத்தின் இந்தக் கரையில் வீடு, அந்தக் கரையில் மௌலிக்கு ஒதுக்கிய அறை. மைதானத்தில் இப்போது யாரும் விளையாடுவதில்லை. ஒரு காவலர் மட்டும் நடுவில் குடைக்கடியில் உட்கார்ந்திருப்பார். வாணி தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவந்து அவரிடம் வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். அவள் படியேறின பிறகு மௌலி வந்து எடுத்துக்கொள்வார். இந்தத் தூதுக்காக ரசத்தில் காவலருக்கும் ஒரு பங்கு உண்டு. மற்றபடி குடும்பம் போனில் நடந்தது, குரல் மட்டும்தான்; காணொளியில் முகத்தைக் காட்ட வாணி ஒப்பவே இல்லை. அவள் மொட்டை மாடியில் நிற்பாள், இவர் ஜன்னலில் நிற்பார். புடவை நிறம் தெரியும். முகம் தெரியாது. ஆறு வருஷத்தில் அவள் முகம் எப்படி மாறியிருக்கும் என்பதை அவர் அவளுடைய குரலை வைத்தே வரைந்துகொண்டிருந்தார்.

மாதம் ஒருமுறை அவர் ஊருக்கு வெளியே இருந்த நிரப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே வேலை பார்க்கும் நஸ்ரீன் என்கிற பெண் முதல் முறையே விளக்கிவிட்டாள்.

“இந்தக் கருவி இதயத் துடிப்புல இருந்தே சக்தி எடுத்துக்கும் அங்கிள். ஆன்ட்டியோட ஹார்ட் நல்லா ஓடுது, அதனால அது எப்பவும் நெறஞ்சே இருக்கும். நீங்க நெனச்சாலும் காலி பண்ண முடியாது. உங்களுது தளந்துபோனது. நாங்கதான் மாசாமாசம் நெரப்பணும்.”

“நெரப்பலைனா?”

“ஸ்கிரீன்ல தெரியற இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கிரும். எறங்கிட்டா வெடிக்கற அளவுக்கு அதுல சக்தி இருக்காது. பட்டை பச்சையாயிரும். நீங்க யாரு பக்கத்துல வேணா போலாம்.”

“அட, இது நல்லாருக்குதே.”

“உங்களால யாருக்கும் ஆபத்தில்ல அங்கிள். உங்களுக்குத்தான் ஆபத்து. ஒரு நாளோ ரெண்டு நாளோ. அதுக்கப்புறம் ஹார்ட் நின்னுரும்.”

ஆறு வருஷமாக மௌலி ஒரு மாதம் தவறாமல் போனார். வாணி மைதானத்தில் தூக்குப்போசியோடு வருவதைப் பார்க்க உயிரோடு இருப்பது ஒன்றும் கெட்ட பேரமில்லை என்று அவருக்குள் இருந்த வியாபாரிக்குத் தோன்றியது.

அந்த எண்ணம் மாறியது ஒரு நாள் காலையில்தான். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நீலப் புடவை திடீரென்று இல்லாமல் போனது. கைப்பிடிச் சுவரின் சந்து வழியே தரையில் கொஞ்சம் நீலம் தெரிந்தது. அசையவில்லை. போன் அடித்தார், எடுக்கவில்லை. செருப்பில்லாமல் ஓடினார். மைதானத்தின் பாதியைத் தாண்டியதும் பட்டை கத்த ஆரம்பித்தது. காவலர் எழுந்து துப்பாக்கியைத் தூக்கினார். தினமும் அவள் வைத்த ரசத்தைக் குடிக்கிற அதே ஆள்.

“ஐயா, நில்லுங்க. தயவுபண்ணி என்னையச் சுட வெக்காதீங்க.”

மௌலி நின்றார். பக்கத்து மாடிகளில் ஆட்கள் சேர்ந்தார்கள். இரண்டு பேர் அவள் வீட்டு மாடிப்படி வரைக்கும் வந்து, அங்கேயே நின்று, “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டார்கள். பாதியைத் தொட யாருக்கும் கை வரவில்லை. வெகுநேரம் கழித்து வாணி தானாகவே துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்து எழுந்தாள். எழுந்ததும் அவருக்குப் போன் செய்தாள்.

“ஏனுங், எனக்கு ஒண்ணுமில்ல. பாசி வழுக்கிருச்சு. நீங்க எதுக்கு இந்த ஓட்டம் ஓடறீங்? நெஞ்சு என்னத்துக்காகறது?”

அந்த மாதம் மௌலி நிரப்பு நிலையத்துக்குப் போகவில்லை. அங்கிருந்து வந்த அழைப்புகளை எல்லாம், கடன் அட்டை விற்கிறவர்களின் அழைப்பைத் துண்டிக்கிற கையாலேயே துண்டித்தார். படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு உட்கார்ந்தாலே வாங்கியது. ஒரு வியாழக்கிழமை காலையில் முகம் கழுவும்போது பார்த்தார். பட்டை பச்சையாக இருந்தது.

சலவை வேட்டி கட்டிக்கொண்டு தலை சீவினார். பெண் பார்க்கப் போன அன்று இருந்த முடியில் பாதிகூட இல்லை, ஆனால் பதற்றம் முழுசாக அப்படியே இருந்தது. மைதானத்தில் இறங்கி நடந்தார். காவலர் பாய்ந்து எழுந்தார். மௌலி கையை உயர்த்திப் பட்டையைக் காட்டினார். காவலர் அதைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு குடையை மறுபக்கம் திருப்பிவைத்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

போன் அடித்தது. மொட்டை மாடியில் நின்றிருந்தாள் வாணி.

“ஏனுங், எங்க வர்றீங்?”

“வூட்டுக்கு.”

“பட்டை கத்தலியே?”

“கத்தாது. பச்சையாயிருச்சு.”

“இந்த மாசம் போகலியா நீங்க?”

“மறந்துபோச்சு.”

“எம்பட பொறந்த நாளு மறந்துபோகும் உங்களுக்கு. இது மறக்காது.”

மாடியிலிருந்து புடவை மறைந்தது. கதவைத் திறக்க வருகிறாள் என்று மௌலி நினைத்தார். வாசல் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள் அவரை நோக்கி வரவில்லை. மைதானத்தின் ஓரமாக விறுவிறுவென்று எதிர்த்திசையில் நடந்தாள்.

“வாணி, எங்க போற?”

“நான் இக்கட்டால போறேன். நீங்க அக்கட்டால ஆஸ்பத்திரிக்குப் போங்.”

“ஒரு அஞ்சு நிமிசம் நில்லு.”

“நீங்க கிட்ட வந்தா நான் ஓடுவேன். உங்களால தொரத்த முடியாது.”

அது உண்மை. வெடிகுண்டுக்குப் பயந்து ஆறு வருஷம் விலகி நின்றவள், வெடிக்க மாட்டேன் என்று வந்து நிற்கிறவரைக் கண்டு ஓடினாள். இருவரும் மைதானத்தைச் சுற்றினார்கள். அவள் முன்னால், அவர் பின்னால், இரண்டு பேர் காதிலும் போன். சுற்றுவட்டாரத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

“நீ வுழுந்து கெடந்த அன்னைக்கு நான் சினிமா பாக்கற மாதிரி நின்னு பாத்துட்டிருந்தேன், வாணி.”

“அதுக்கு?”

“அதுக்கு எனக்கு அந்தப் படம் புடிக்கல.”

“நான் தெனமும் ஜன்னல்ல ஒரு பனியன பாக்கறேன். எனக்கு அது போதும். உள்ள ஆளு இருந்தாச் சரி. அதையும் கெடுத்துப்போடாதீங்.” அவள் குரல் உடைந்தது. “சும்மா வந்துச்சுன்னு இந்தக் கெரகத்தக் கொண்டாந்து வெச்சீங். இப்ப சும்மா போயிரலாம்னு பாக்கறீங்ளா?”

மௌலிக்குப் பதில் சொல்ல வாய் வந்தது, மூச்சு வரவில்லை. பழைய கால்பந்துக் கம்பத்தைப் பிடித்தார். அது துருப்பிடித்து ஆடியது. அப்படியே அடியில் உட்கார்ந்துவிட்டார். நடிப்பு என்று அவள் நினைக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்தது. விற்பனைப் பிரிவில் இருந்தவனை யார் நம்புவார்கள்.

காலடிச் சத்தம் கேட்டது. தூரத்தில் கேட்டது நெருங்கியது. ஆறு வருஷம் கழித்து அவள் முதலில் தொட்டது அவருடைய காதை. பிடித்துத் திருகினாள். பிறகு அந்தக் கையை எடுக்காமலே பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் முகம் அவர் வரைந்துவைத்திருந்தது மாதிரி இல்லை. நெற்றியில் ஒரு புதுத் தழும்பு, மாடியில் விழுந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இதையெல்லாம் அவள் குரல் அவருக்குச் சொன்னதே இல்லை.

“நரச்சுப்போச்சே உனக்கு,” என்றார்.

“உங்களுக்கு நரைக்கறதுக்கே ஒண்ணுமில்ல,” என்றாள்.

அவள் கூப்பிட்ட ஆட்டோவில் ஓட்டுநர் இல்லை. அப்போதைய ஆட்டோக்கள் அப்படித்தான். அதுவே வந்தது, அதுவே பேசியது. ‘ஒரு வண்டிக்கு ஒரு பாதி மட்டுமே’ என்று கறாராகச் சொன்னது. பிறகு இருவர் பட்டையையும் படித்துப் பார்த்து, ‘பயணிகள்: ஒன்று’ என்று திரையில் காட்டிவிட்டுக் கதவைத் திறந்தது.

“பாத்தியா,” என்றார் மௌலி, “என்னைய ஆளாவே எண்ணல.”

அவள் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நரம்பு நரம்பாகத் தடவிப் பார்த்தாள், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற கவனத்தோடு.

“வண்டியத் திருப்பச் சொல்லு, வாணி. வூட்டுக்குப் போலாம். ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேன்.”

“ரெண்டு நாளைக்கப்புறம்?”

மௌலி மறு கையால் திரையில் வண்டியைத் திருப்பும் பொத்தானைத் தேடினார்.

“அதுக்கப்புறம் நான் யாரைத் திட்டறதுங்?” என்றாள் அவள். வண்டி திரும்பவில்லை.

நிரப்பு நிலையம் தனிக் கட்டடம். கனமான சுவர். நூறடிக்கும் நீளமான ஒரே நடைவழி, அதன் கோடியில் வாசல், வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர். நஸ்ரீன் மௌலியைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“என்ன அங்கிள் பண்ணிவெச்சிருக்கீங்க? போன் பண்ணிப் பண்ணி எனக்கு விரல் தேஞ்சுபோச்சு. படுங்க முதல்ல.” பிறகு வாணியிடம், “ஆன்ட்டி, கோடு வர்ற வரைக்கும் நீங்க இருக்கலாம். அதுக்குள்ள வாசலத் தாண்டிரணும்,” என்றாள்.

நெஞ்சின் மேல் வட்டத் தகடு ஒன்றை வைத்து ஒட்டினாள். திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு எதையோ அழுத்தி மறுபடி பார்த்தாள். மௌலி வாழ்நாளெல்லாம் எதிராளி முகத்தைப் படித்துச் சோறு தின்றவர்.

“என்னம்மிணி அப்புடிப் பாக்கற?”

“ஒண்ணுமில்ல அங்கிள்.”

“ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு தடவ பாத்த?”

அவள் தயங்கினாள். “கோட்டுக்குக் கீழ எறங்கிட்டா கருவி தூங்கிரும். அப்ப மட்டும் உள்ள இருக்கறதப் படிக்க முடியும். மாத்துனதா இல்லையான்னு.”

வாணியின் பிடி இறுகியது. “சொல்லு கண்ணு. என்ன இருக்குது?”

“சொல்லக்கூடாதுங்க ஆன்ட்டி. ஜெயில்ல போட்டுருவாங்க. பயமுறுத்தறதுக்காக வெச்ச சட்டம் இல்ல அது. போன வருசம் எவனோ இந்த வெசயத்த வெளிய உட்டுட்டான். என்னுது நல்லதான்னு தெரிஞ்சுக்கறேன்னு நெறையப் பேரு பட்டினி போடற மாதிரி நெரப்பாமயே இருந்துட்டு, கடைசி நேரத்துல வந்து இதே கட்டில்ல படுத்தாங்க. பாதிப் பேருக்குத் திரும்ப ஏறவே இல்ல. நான்தான் மூடி அனுப்பி வெச்சேன்.”

மௌலி அந்தப் பெண்ணைக் காப்பாற்ற நினைத்தார். “சொல்லாத வுடம்மிணி. நல்லதுன்னு சொன்னா, ஆறு வருசத்த வீணாக்குனேன்னு இவ திட்டுவா. கெட்டதுன்னு சொன்னா, கெட்டதக் கட்டி வெச்சாங்கன்னு எங்க மாமனாரத் திட்டுவா. எப்படிப் பாத்தாலும் எனக்கு நஷ்டம்.”

நஸ்ரீன் சிரிக்க முயன்றாள். இயந்திரத்தின் பக்கம் குனிந்தாள். “இன்னைக்கு மெஷின் என்னமோ மெதுவாத்தான் ஏறும்போல இருக்கு,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை பிற்பகல் வரை நீண்டது. வாணி பேசிக்கொண்டே இருந்தாள். மகள் பெர்த் நகரில் வீடு மாற்றியது, குழாயில் தண்ணீர் வராதது, ரசத்தைக் குடித்துவிட்டுக் காவலர் புளி கூடப் போச்சு என்றது. எல்லாமே போனில் முன்பே சொன்னவைதான். கை கோத்துக்கொண்டு கேட்க எல்லாம் புதுச் சேதியாக இருந்தது. மௌலியின் மூச்சு சீரானது. விரல் நுனிகளில் சூடு வந்தது. தான் பிழைத்துவருவதை அவர் வருத்தத்தோடு கவனித்தார்.

“கோடு நெருங்குதுங்க ஆன்ட்டி.”

வாணி எழுந்தாள். அவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தாள். கையை விட்டாள். திரும்பி நடக்க அவளுக்கு மனம் வரவில்லை போலும். அவரைப் பார்த்தபடியே பின்னால் ஓர் அடி வைத்தாள். அறைக் கதவு. நடைவழி. திரையில் எண் ஏற ஏற அவள் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் நஸ்ரீன் கனத்த கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். அதுதான் விதி. சாதாரண மாதங்களில், அவர் ஒற்றைப் பாதியாகத் தனியே படுத்திருக்கும்போதே, அந்தப் பெண் ஓட்டமாக ஓடிப் போய் அங்கே நின்றுகொள்வாள். அதற்காக மௌலி அவளைக் கேலி செய்ததுண்டு. இன்றோ இன்னொரு பாதி இன்னும் நடைவழியில் இருக்கிறது. எண் கோட்டைத் தொடப்போகிறது.

நஸ்ரீன் போகவில்லை. கட்டிலை ஒட்டி நின்றுகொண்டு, அவருடைய போர்வையின் ஓரத்தை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தாள். மௌலி கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கண் நிறைந்திருந்தது. அவள் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லக்கூடாததை அவள் சொல்லவில்லை. வெறுமனே அங்கே நின்றாள்.

ஒன்று நல்லதாக இருந்தால் போதும், ஒன்றும் ஆகாது.

ஆறு வருஷம். தூக்குப்போசி. ஜன்னல் பனியன். மாடித் தரையில் அசையாமல் கிடந்த நீலம். எதற்கும் அவசியமே இருந்திருக்கவில்லை. அந்த ஒற்றை வரியை அனுப்பியவர்கள் இவர் நெஞ்சில் எதையும் வைக்கவேயில்லை. வைத்ததாக நம்பவைத்தது போதுமானதாக இருந்தது. இலவசமாகவே வேலை முடிந்திருந்தது.

வா, திரும்பி வா, ஒன்றுமில்லை என்ற கூவல் தொண்டை வரை வந்தது. கூவினால் அவள் வந்துவிடுவாள். பட்டை கத்தும். வாசல் காவலருக்கு நல்லது கெட்டது தெரியாது, நூறடி மட்டும்தான் தெரியும். இந்தப் பெண் ஜெயிலுக்குப் போவாள். சேதி வெளியே கசியும், ஊரில் உள்ள பாதிகள் எல்லாம் பட்டினி கிடந்து வந்து இதே கட்டிலில் படுப்பார்கள்.

எண் கோட்டைத் தொட்டது. மணிக்கட்டில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. நடைவழியின் கோடியில் அவள் முகம் மறுபடி தெரியாத தூரத்துக்குப் போயிருந்தது. இன்னும் இவரைப் பார்த்தபடியேதான் பின்வாங்கிக்கொண்டிருந்தாள்.

மௌலி தலையைத் தூக்கினார்.

“பாத்துப் போ, வாணி,” என்றார் உரக்க. “பின்னால படி இருக்குது.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இவரிடமிருந்து எடுக்காமலே, காலால் துழாவிப் படியைக் கண்டுபிடித்து இறங்கினாள்.